அக்காவைக் கொன்றது கரண்ட் இல்லை

மகன்,

நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனபடியால் சுகம் கேட்டு இதை எழுதவில்லை. நேற்று நிலானியைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது திரீவீலுக்குள் வழி முழுக்க நீ கதைத்துக்கொண்டே வந்தாய். "என்ர மனுசிக்குக் கரண்ட் வைக்க நான் விடமாட்டன். அக்காவுக்குச் செய்தது காணும். சொல்லுங்கோ அம்மா, நான் பிழையா கதைக்கிறனா?" என்று கேட்டாய். என் மடியில் உன் பிள்ளை கிடந்தது. அதன் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டு, "ஓம் மகன், நீ சொல்லுறது சரி" என்றேன். அது பொய். ஒன்பது வருஷமாக நான் சொல்லிக்கொண்டு வருகிற பொய். நாளைக்குக் காலை பத்து மணிக்கு டொக்டர் உன்னை வரச் சொல்லியிருக்கிறா. கரண்ட் வைக்கச் சம்மதம் இல்லை என்று அந்தத் தாளில் நீ எழுதிக் கொடுக்க முதல் இதை முழுக்க வாசி. வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருக்கும். வாசித்த பிறகு மறைக்கவும் தேவையில்லை. நிலானியின் அம்மாவிடம் கொடு. ஆருக்கு வேண்டுமென்றாலும் காட்டு. கரண்ட் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து பிள்ளைகளைக் கட்டிலில் கிடக்க விட்டிருக்கிற வீடுகள் கொட்டாஞ்சேனையிலும் இருக்கு, வெள்ளவத்தையிலும் இருக்கு.

உன் அப்பா துறைமுகத்தில் வேலை செய்துகொண்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்ததில் இருந்து தொடங்க வேண்டும். நீ டோஹாவில் இருந்து வந்தாய், அடக்கம் முடிந்து பத்தாம் நாள் திரும்பிப் போய்விட்டாய். பிறகு வீட்டில் நானும் ஜெசியும்தான். உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. புறக்கோட்டைச் சாறிக் கடையில் நின்று, வாங்க மனமில்லாமல் வருகிறவளையும் சிரிக்கவைத்து ஒரு சாறியோடு அனுப்புகிறவள். அவள் அப்பாவுக்கு அழவே இல்லை. நான் அதைத் தைரியம் என்று நினைத்தேன். நாலைந்து மாதம் போக வேலையில் பிழை விட்டாள். பிறகு வேலைக்கே போகவில்லை. பிறகு தலை சீவி இழுக்கவில்லை. "எழும்படி, குமர்ப்பிள்ளை இப்படிக் கிடக்கிறதா?" என்று ஏசினேன். ஒருநாள் விளக்குமாற்றால் அடித்தேன். அவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை, மகன். அடி விழுந்த இடத்தைப் பார்க்கவும் இல்லை. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இதை நான் உனக்குப் போனில் சொல்லவில்லை. "அக்காவுக்குக் கொஞ்சம் காய்ச்சல், நித்திரை கொள்ளுறா" என்று சொன்னேன். நீ அங்கே தனிய இருக்கிறாய், கவலைப்படக் கூடாது என்று நினைத்தேன். பொய் சொல்லத் தொடங்கினால் முதல் பொய் எப்பவும் இப்படி நல்ல பொய்யாகத்தான் இருக்கும். ஜெசி கதைக்கிறதை நிறுத்தினாள். சாப்பாட்டை வாயில் வைத்தால் அப்படியே வைத்துக்கொண்டு இருப்பாள், விழுங்கமாட்டாள். கையைத் தூக்கிவிட்டால் தூக்கினபடியே இருக்கும். பக்கத்து வீட்டு றீட்டாதான் என்னைப் பிடித்து உலுக்கி, "அக்கா, இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை, பிள்ளை சாகப்போகுது" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். விசரென்றால் அங்கே போ என்று கொழும்பில் ஆளுக்கு ஆள் பகிடிக்குச் சொல்லுகிற ஆஸ்பத்திரிதான். நானும் அந்தப் பகிடியைச் சொல்லிச் சிரித்தவள்தான்.

வார்ட்டில் நான் கூட நின்றேன். சேலைன் ஏற்றினார்கள், குளிசை கொடுத்தார்கள். குளிசை வேலை செய்ய நாள் எடுக்கும், பிள்ளைக்கு அவ்வளவு நாள் இல்லை என்று டொக்டர் சொன்னார். அவர் சிங்களத்தில் சொன்னதை ஒரு நேர்ஸ் மிஸ்ஸி எனக்குத் தமிழில் சொன்னா. தலைமயிர் நரைத்த மனுசி, ஊர் நீர்கொழும்பு என்றபடியால் தமிழ் நல்லாகக் கதைப்பா. "அம்மா, நித்திரை ஊசி போட்டுத்தான் செய்யிறது. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. கரண்ட் கொஞ்சம்தான், கொஞ்ச நேரம்தான்" என்றா. கரண்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அவ சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவர் சுவிட்சைத் தொட்டால் தூக்கிப் போடுமே, அதுதான் எனக்குத் தெரிந்த கரண்ட். உனக்குப் போன் எடுத்து அழுதேன். அப்போதுதான் உனக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அம்மா, டொக்டர் சொல்லுறதைச் செய்யுங்கோ. சைன் பண்ணுங்கோ." நான் சைன் பண்ணினேன்.

இனி எழுதப்போகிறது உனக்குத் தெரியாதது.

திங்களும் வியாழனும் வைப்பார்கள். முதல் திங்கள், வியாழன், அடுத்த திங்கள். மூன்று தரம். முதல் தரம் கொண்டுபோகும்போது நான் கதவுக்கு வெளியில் இருந்து செபமாலை சொன்னேன். படங்களில் காட்டுகிற மாதிரிக் கத்துவாள், கட்டிலோடு கட்டுவார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கட்டிலை வெளியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், பிள்ளை நித்திரையில் கிடந்தாள். "என்ன நடந்தது மிஸ்ஸி?" என்று கேட்டேன். "கால் விரல் கொஞ்சம் ஆடினது. அவ்வளவுதான் அம்மா" என்றா. இரண்டாம் தரத்துக்குப் பிறகு ஜெசி கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மூன்றாம் தரம் முடிந்த அன்று பின்னேரம், வார்ட்டில் கொடுத்த தேத்தண்ணியை நான் கரண்டியால் அவளுக்குப் பருக்கிக்கொண்டு இருந்தேன். அவள் கோப்பையை என் கையில் இருந்து வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது தேத்தண்ணியா அம்மா, கால் கழுவின தண்ணியா?"

ஏழு கிழமைக்குப் பிறகு அவள் கதைத்த முதல் கதை அதுதான். மிஸ்ஸி மருந்து வண்டிலை விட்டுவிட்டு ஓடி வந்தா. "என்ன சொன்னவ, என்ன சொன்னவ?" என்று கேட்டு, நான் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தா. "நாங்கள் வருஷக்கணக்கா சொல்லுறம், ஆரும் கேக்கிறாங்கள் இல்லை. நீ ஒரு முறைப்பாடு எழுதித் தா துவ, என்ர மகள்" என்று அவளின் கன்னத்தில் தட்டினா. உன் அக்கா சிரித்தாள், மகன். கரண்ட் அவளைக் கொல்லவில்லை. கரண்ட்தான் அவளைக் கொண்டுவந்து என் கையில் தந்தது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒன்பது வருஷமாக ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அடுத்த நாள் காலையில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். தலை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தேன். "அப்பா ஏன் பாக்க வரேல்ல? டியூட்டியா?" என்றாள். பகிடி பண்ணுகிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவளுக்குத் தெரியவில்லை. எட்டு மாதத்துக்கு முதல் செத்துப்போன தகப்பனை, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பூ போட்டவள், மறந்துபோனாள். எனக்கு யோசிக்க வரவில்லை, சட்டென்று சொல்லிவிட்டேன். "அப்பா செத்துப்போனார் மகள்." அவள் அழுதாள். அன்றைக்கு அழாத அழுகை எல்லாம் வந்த மாதிரி அழுதாள். நான் பிடித்துக்கொண்டு இருந்தேன். புதன்கிழமை காலையில் திரும்பவும், "அம்மா, அப்பா எங்க?" என்றாள். திரும்பவும் சொன்னேன். திரும்பவும் அழுதாள். என் மனுசனை நான் மாதம்பிட்டிச் சவக்காலையில் ஒருதரமும் அந்த வார்ட்டில் இரண்டு தரமும் அடக்கம் செய்தேன். டொக்டரிடம் கேட்டிருக்கலாம். இப்படி மறக்கிறது நடக்கும், முக்கால்வாசி திரும்பி வரும், இப்ப சொல்லத் தேவையில்லை, இப்படிக் கதையைத் திருப்பு என்று சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு தரம் கரண்ட் வைத்தால் என்னையும் மறப்பாள், பிறகு உன்னையும் மறப்பாள், வெறும் உடம்புதான் எனக்குத் திரும்பிக் கிடைக்கும் என்று என் பாட்டுக்கு முடிவு கட்டினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குளிக்க வீட்டுக்கு வந்தபோது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். மந்திரிச்ச பாண் தந்தார்கள். கைலேஞ்சியில் சுற்றி வார்ட்டுக்குக் கொண்டுபோனேன். கரண்ட் வைக்கிற நாளில் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும், முதல்நாள் இரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணியும் கூடாது என்பது சட்டம். வியாழன் காலை ஜெசி எழும்பி, "அம்மா பசிக்குது" என்றாள். பசிக்குது என்று அவள் சொல்லி இரண்டு மாதம். எங்கள் ஆக்களுக்குப் பூசையில் நன்மை எடுக்க முதல் உபவாசம் இருக்கிற பழக்கம் உண்டுதானே. அதிலே மருந்து எடுத்தால் குற்றமில்லை, தீர்த்தம் குடித்தால் குற்றமில்லை என்று நாங்கள் சின்னதில் படித்தது. நான் அந்தக் கணக்கிலே யோசித்தேன். கோயில் பாண் சாப்பாடு இல்லை, அது ஆசீர்வாதம், அதனால் உபவாசம் முறியாது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தேன். அவள் மென்று விழுங்கிவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றாள். முழுவதையும் கொடுத்தேன்.

கட்டிலைத் தள்ள வந்த மிஸ்ஸி வழக்கம்போலக் கேட்டா, "ஒண்டும் குடுக்கேல்லத்தானே அம்மா?"

"இல்லை மிஸ்ஸி. கோயில் பாண் மட்டும்தான்."

மிஸ்ஸி கட்டிலில் இருந்து கையை எடுத்தா. "அம்மா, அதுவும் பாண்தான்" என்றா. ஏசவில்லை. அன்றைக்குக் கரண்ட் இல்லை என்று கட்டிலைத் திருப்பிவிட்டார்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருக்கிறது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் பிள்ளை செத்துப்போகும் என்று பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினா. நான் கட்டிலில் கிடந்த பாண் தூளைக் கூட்டித் தட்டினேன். அந்த வியாழக்கிழமை நான் செய்தது தெரியாமல் செய்தது. அதற்கு ஆண்டவர் என்னை மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

ஆனால் அந்தத் தூளைத் தட்டும்போதே ஒன்று விளங்கிவிட்டது. பாண் கொடுத்தால் கரண்ட் இல்லை. அடுத்த திங்கள் காலையில் நான் தெரிந்துகொண்டே கொடுத்தேன். வார்ட்டில் தந்து மிஞ்சிக் காய்ந்துபோன பாணைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தேன். மிஸ்ஸி வந்தவுடன் நானாகவே சொன்னேன், "பிள்ளை அழுதவ மிஸ்ஸி, மனம் கேக்கேல்ல." மறைத்தால் ஆபத்து என்று தெரியும், அதனால் மறைக்கவில்லை. நான் எவ்வளவு கெட்டித்தனமாக நடந்தேன் என்று பார். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. அன்றைக்கு டொக்டர் என்னைக் கூப்பிட்டார். மிஸ்ஸி நடுவில் நின்று தமிழில் சொன்னா. "பாதியில விட்டா திரும்பி விழுவா. டொக்டர் கெஞ்சிக் கேக்கிறார் அம்மா." நான் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் அதையே சொன்னேன். என் சொந்தப் பொறுப்பில் கொண்டுபோகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். வாசலில் வைத்து மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாறினா உடனே கொண்டு வாங்கோ. ஒருத்தரும் ஏசமாட்டினம். நான் ஏசவே மாட்டன்" என்றா.

உனக்குப் போனில் என்ன சொன்னேன்? "டொக்டர் காணுமெண்டு சொல்லிட்டார், துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிட்டாங்கள்" என்றேன். நீயும் சந்தோஷப்பட்டாய். ஜெசியிடம் போனைக் கொடுத்தேன். "டேய், எனக்குச் சொக்லேட் அனுப்பாமல் பிகரை வைச்சிருக்கிறியாம்" என்று உன்னைக் கிண்டல் பண்ணினாளே, அது அந்தக் கிழமைதான். பத்துப் பன்னிரண்டு நாள் நல்லாக இருந்தாள். அப்பாவின் சாவும் அவளுக்குத் தானாகவே ஞாபகத்தில் வந்துவிட்டது. ஒருநாள் அவரின் படத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இப்ப தெரியும் அம்மா, சொல்லத் தேவையில்லை" என்றாள். அப்போதாவது நான் அவளைத் திருப்பிக் கொண்டுபோயிருக்கலாம். நான் எனக்குள்ளே வென்றுவிட்டேன் என்று இருந்தேன். குளிசையும் நித்திரை வருகிறது என்றாள், அதையும் குறைத்தேன்.

பிறகு ஒரு காலையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டும் நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. காரணம் கேட்டால் நீ நம்பமாட்டாய். பயம் இல்லை. வெட்கம். மிஸ்ஸியின் முகத்தில் முழிக்க வெட்கம். ஏசமாட்டேன் என்று சொன்ன மனுசியிடம் போக எனக்குக் கால் வரவில்லை. ஏசுவேன் என்று சொல்லியிருந்தால் போயிருப்பேனோ தெரியாது. முகத்துவாரத்தில் தலையில் கை வைத்துச் செபிக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரே பார்த்துவிட்டு, "இவவ முதல் டொக்டரிட்ட காட்டுங்கோ" என்றார். அதையும் கேட்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பதினாறு நாள் வைத்திருந்தேன். சளிக்காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. உடம்பில் அதைத் தாங்கப் பலம் இல்லை. றீட்டாவும் நானும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள் உன் அக்கா செத்துப்போனாள். இருபத்து நாலு வயது.

செத்த வீட்டில் ஒரு மனுசி கேட்டாள், "என்ன நடந்தது, நல்லா வந்திட்டா எண்டு சொன்னீங்களே?" என் வாயில் இருந்து வந்தது, "கரண்ட் வைச்சவங்கள்." அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. முற்றத்தில் இருந்தவர்கள் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்கள். கரண்ட் வைத்து மூளையைக் கருக்கிவிட்டார்களாம், தமிழ்ப் பிள்ளை என்று பார்த்துச் செய்தார்களாம், நெஞ்சு வெடித்ததாம். நீ எயார்போட்டில் இருந்து நேரே வந்து இறங்கினபோது என்னிடம் வர முதலே உனக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள். நீ வந்து என் காலடியில் இருந்து, "அம்மா, நான்தானே சைன் பண்ணச் சொன்னனான்" என்று கத்தினாய். அந்த இடத்தில், அந்த ஒரு நிமிஷத்தில், நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் உன் முதுகைத் தடவி, "விடு மகன், உனக்கு என்ன தெரியும்" என்றேன். ஒவ்வொரு வருஷமும் அவளின் பூசைக்கு நீ அதையே சொல்கிறாய், நானும் அதையே சொல்கிறேன். என் பாவத்தை உன் தலையில் வைத்துவிட்டு, நான் உனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நீ இரண்டு பெடியன்களைக் கூட்டிக்கொண்டு வார்ட்டுக்குச் சண்டைக்குப் போனாய். என்னைத் தடுக்கச் சொன்னாள் றீட்டா. நான் தடுக்கவில்லை. நீ திரும்பி வந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "அந்தக் கிழட்டு மிஸ்ஸியைப் பிடிச்சு நல்லா ஏச்சுக் குடுத்தன் அம்மா. உங்கட பிள்ளையெண்டா வைப்பீங்களா எண்டு கேட்டன். அவ அழுதா. அக்கா செத்தது அவவுக்குத் தெரியாது போல. பிறகு ஒண்டுதான் கேட்டா. 'அம்மா கிவ்வே நெத்த புதே? அம்மா சொல்லேல்லையா?' எண்டு. என்ன கேள்வி அம்மா அது?" நான், "தெரியாது மகன், தப்பிறதுக்கு ஏதோ கேட்டிருப்பா" என்றேன். அவ உன்னிடம் சொல்லியிருக்கலாம். வார்ட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதியிருக்கும், எடுத்து உன் முகத்துக்கு முன்னால் காட்டியிருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் காட்டிக்கொடுக்க அவவுக்கு மனம் வரவில்லை. நீ ஏசின ஏச்சு எல்லாவற்றையும் எனக்காக வாங்கிக்கொண்டு நின்றா. அவ இப்போது பென்சனில் போயிருப்பா. உயிரோடு இருந்தால் தேடிப் போய் நான் அவவின் காலில் விழ வேண்டும்.

இப்போது நிலானியைப் பார். பிள்ளை பிறந்து ஐந்து கிழமை. இது என் பிள்ளை இல்லை, என் பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று தொடங்கினாள். பிறகு கதையே இல்லை. நேற்று நான் அவளின் கையைப் பிடித்துத் தூக்கி விட்டுப் பார்த்தேன், மகன். அப்படியே நின்றது. அந்தக் கையை நான் எங்கே கண்டேன் என்று எனக்குத் தெரியும். நாலு நாளாகச் சேலைனில் இருக்கிறாள். அந்தச் சின்ன டொக்டர் பொம்பிளை உன்னிடம் எவ்வளவு பொறுமையாகச் சொன்னா. "என்ர அக்காவைக் கொன்ற மாதிரி இவளையும் கொல்லப் போறீங்களா?" என்று நீ வார்ட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாய். நிலானியின் அம்மா என்னிடம் வந்து, "சம்மந்தியம்மா, உங்கட மகளுக்கு நடந்தது உங்களுக்குத்தானே தெரியும். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா மருமகன் கேப்பார்" என்று கை கூப்பினா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவவும் ஒரு தாய்தான். என்னுடைய பொய்யால் அவவின் பிள்ளையும் சாகப்போகிறாள்.

ஆனபடியால் சொல்லுகிறேன், கேள். சம்மதம் என்று கையெழுத்துப் போடு. சுகம் வரும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன், நான் டொக்டர் இல்லை. எத்தனை தரம், என்ன ஆபத்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா, எல்லாவற்றையும் நீயே வாய் திறந்து கேள். விளங்காவிட்டால் திரும்பவும் கேள், வெட்கப்படாதே. அவள் சிலதை மறப்பாள். பிள்ளை பிறந்ததையே மறந்தாலும் மறப்பாள். உன் அக்காவுக்கு நான் போட்டு உடைத்த மாதிரி உடைக்காதே. எப்படிச் சொல்லுகிறது என்று முதலே கேட்டு வைத்துக்கொள். ஒரு கொப்பியில் அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வை, பிறகு இருவரும் இருந்து வாசிக்கலாம். கரண்ட் வைக்கிற நாளில் அவள் பசிக்குது என்று அழுவாள். அழட்டும். தண்ணி என்று கேட்டாலும் மிஸ்ஸியிடம் கேட்காமல் கொடுக்காதே. இரண்டு மூன்று தரத்தில் அவள் சிரித்தால், அந்தச் சிரிப்பைக் கண்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வராதே. எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கண்ணைக் கெடுத்தது. டொக்டர் முடிந்தது என்று சொல்லுமட்டும் இரு. பிறகு குளிசையையும் நீயாக நிறுத்தாதே. திரும்பவும் விழுந்தால், எத்தனை தரம் விழுந்தாலும், அடுத்த பஸ்ஸில் கொண்டு போ.

உன் அக்காவுக்காக நீ ஒன்பது வருஷம் சுமந்தது உன்னுடையது இல்லை. நீ அன்றைக்குப் போனில் சொன்னது சரி. நீ சொன்னபடி நான் செய்திருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு எனக்கு இனி உரிமை இல்லைப் போல.

இந்தக் கடிதத்தை உன் மேசையில் வைத்திருக்கிறேன். நான் உள்ளறையில் பிள்ளையோடு இருப்பேன். வாசித்துவிட்டு நீ என்னைக் கூப்பிட வேண்டாம், ஏசவும் வேண்டாம், அதற்கு இப்போது நேரம் இல்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. போகும்போது நிலானியின் அம்மாவை இங்கே வரச் சொல்லு. என்னிடம் பிள்ளையை விட்டுவைக்க உனக்கு இனி மனம் வராது, அது எனக்கு விளங்குகிறது. அவ வந்தவுடன் பால் மாவின் அளவையும் பிள்ளை குடிக்கிற நேரத்தையும் சொல்லி, பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு நான் கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டுக்குப் போகிறேன். பஸ் எனக்குத் தெரியும்.

அம்மா